சிப்பாய்களின் பெயர்கள் எங்கே?

ஜனவரி 23 வந்தால் எங்கள் பக்கத்து ஊர்களில் நேதாஜி படத்துக்கு மாலை விழும். ஒலிபெருக்கி கட்டுவார்கள். பேச வருகிறவர் யாராக இருந்தாலும் ஒரு செய்தி கட்டாயம் வரும். அடுத்த பிறவியில் தமிழனாகப் பிறக்க நேதாஜி ஆசைப்பட்டாராம். எந்த ஊரில், எந்தத் தேதியில், யாரிடம் சொன்னார் என்று கேட்டால் பதில் வராது. நான் திருச்செந்தூர் வட்டாரத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். ஆதாரம் எங்கே என்று பிள்ளைகளைப் படுத்தி எடுத்த பழக்கம் போகவில்லை, மேடைக்காரர்களிடமும் கேட்டுவிடுகிறேன். ஒருமுறை ஒரு தம்பி சலித்துக்கொண்டார்: "டீச்சர், நம்மளப் பத்திப் பெருமையாத்தான சொல்லுதோம், இதுல ஒங்களுக்கு என்ன கஷ்டம்?"

கஷ்டம் இருக்கிறது. ஆதாரமில்லாத இந்த ஒரு வரியைச் சொல்லிச் சொல்லியே, ஆதாரமுள்ள ஒரு பெரிய கதையை மறந்துவிட்டோம். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் இந்திய தேசிய ராணுவம் நடத்திய பயிற்சி முகாம்களில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் துப்பாக்கி பிடித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத்துக் கூலிகள். நேதாஜி தமிழரை எவ்வளவு மெச்சினார் என்பதைவிட, அந்தத் தமிழர்கள் யார், எந்த ஊர்க்காரர்கள், முகாமுக்குள் ஏன் போனார்கள், வெளியே வந்து என்ன ஆனார்கள் என்பதில்தான் எனக்கு அக்கறை.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து, இன்று லிட்டில் இந்தியாவை ஒட்டி இருக்கும் ஃபேரர் பார்க் மைதானத்தில், நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களை ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஜப்பானியரிடம் ஒப்படைத்தார். கேப்டன் மோகன் சிங் அவர்களிடையே பேசினார். ஏப்ரலில் பிடாடரி முகாமில் கூடிய இந்திய அதிகாரிகள் ஒரு தீர்மானம் போட்டார்கள். சாதி, சமய வேறுபாடுகளுக்கு மேலாக இந்தியர் அனைவரும் ஒன்று, விடுதலை பிறப்புரிமை, காங்கிரசும் இந்திய மக்களும் அழைக்கும்போதே படை போருக்குப் போகும் என்பது அதன் சாரம். செப்டம்பர் 1 அன்று படை முறையாக அமைந்தது. ஆண்டு முடிவதற்குள் மோகன் சிங் ஜப்பானியரோடு மோதிக் கைதானார். அத்தோடு முதல் ராணுவத்தின் கதை முடிந்தது.

அதே செப்டம்பர் 20 அன்று, எங்கள் ஊரிலிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் குலசேகரன்பட்டினத்தில், வெள்ளையனே வெளியேறு கிளர்ச்சியில் இறங்கிய இளைஞர்கள் உப்பளத்துக்குள் புகுந்தார்கள். உப்புத் துறை அதிகாரி லோன் கொல்லப்பட்டார். காசிராஜன், ராஜகோபாலன் இருவருக்கும் தூக்கு விதிக்கப்பட்டு, பிறகு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. குலசை வழக்கு என்றால் இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு இன்றும் தெரியும். நீதிமன்றம், போலீஸ், சிறை எல்லாம் காகிதத்தில் எழுதி வைத்ததால் பெயர்கள் தங்கின. கடலுக்கு அப்பால் இதே மாதத்தில் படையில் சேர்ந்தவர்களுக்கு அப்படிக் காகிதம் வாய்க்கவில்லை.

இரண்டாவது ராணுவத்தில்தான் தோட்டத் தமிழர் பெருவாரியாக வருகிறார்கள். 1943 ஜூலை 2 அன்று சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். போர்க்கைதிகளை மட்டும் நம்பாமல் பொதுமக்களையும் படைக்கு அழைத்தார். வந்தவர்களில் பால்மரம் சீவியவர்கள் ஏராளம்.

இவர்கள் நேற்றுவரை எப்படி இருந்தார்கள் என்பதற்கு ஒரு செய்தி போதும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச்.நாதன் போன்றோர் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தம் பெரிய சேதி. கூலி உயர்வு, கள்ளுக்கடை மூடல், பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துதல் என்று நீண்ட கோரிக்கைப் பட்டியலில் ஒன்று இது: துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். இறங்கித்தான் நிற்க வேண்டும் என்று அதுவரை வழக்கம் இருந்தது. வேலைநிறுத்தத்தைப் பட்டாளத்தை வைத்து அடக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். நாதனை நாடு கடத்தினார்கள். சைக்கிளில் உட்கார்ந்தபடி போகும் உரிமைக்காகக் குண்டு வாங்கியவர்களின் அண்ணன் தம்பிகள் இரண்டே ஆண்டில் தோளில் துப்பாக்கியோடு அணிவகுத்தார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். போர்த்திறனுள்ள இனங்கள், இல்லாத இனங்கள் என்று ஆங்கிலேயர் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கில் தெற்கத்தியான் தேறவில்லை. மதராஸ் காலாட்படைப் பிரிவுகளை 1920களின் இறுதிக்குள் ஒவ்வொன்றாகக் கலைத்துவிட்டார்கள். இரண்டாம் உலகப்போர் வந்து ஆள் தேவைப்பட்ட பிறகுதான் மதராஸ் ரெஜிமெண்ட் திரும்ப எழுந்தது. ஆக, சிப்பாய் வேலைக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்டவனுக்குச் சிங்கப்பூரில் கிடைத்தது வெறும் சீருடை அல்ல.

ஆனால் எல்லாரும் தேசபக்தி பொங்கியே முகாமுக்குப் போனார்கள் என்று நான் வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை. ஜப்பானியர் காலத்தில் ரப்பருக்குச் சந்தை கிடையாது. தோட்டத்தில் வேலை இல்லை, அரிசி இல்லை. மரவள்ளிக் கிழங்குதான் சாப்பாடு. அதோடு சயாம் மரண ரயில். பர்மாவுக்கு இருப்புப்பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டு போனார்கள். காலராவிலும் பட்டினியிலும் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று இன்றுவரை சரியான கணக்கு இல்லை. முகாமுக்குள் போனவனுக்குச் சோறு உண்டு; ரயிலுக்குப் பிடித்துப் போகும் பயம் குறைவு. நாட்டுக்காகவும் போனார்கள், வயிற்றுக்காகவும் போனார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு காரணமும் இருந்திருக்கும். இதைச் சொன்னால் தியாகம் குறைந்துவிடும் என்று நினைப்பவர்கள் பசியை அறியாதவர்கள்.

இனி பெண்களின் முகாம் நடந்த சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவுக்கு வருகிறேன்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகள் என்னைக் கூட்டிப்போனாள். கிருஷ்ணன் கோயில், அதையொட்டி குவான் இம் கோயில், பூக்கடைகள். சீனர்கள் இங்கேயும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டு அங்கே போகிறார்கள். தெருவின் இன்னொரு பக்கம் 1878இல் கட்டிய யூதர் கோயில் இருக்கிறது. இந்தத் தெருவில்தான் 1943 அக்டோபர் 22 அன்று ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாமை போஸ் திறந்துவைத்தார். ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசை அறிவித்ததற்கு மறுநாள். அந்த அரசில் பெண்கள் துறைக்குப் பொறுப்பேற்றவர், மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து சிங்கப்பூரில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். கேப்டன் லட்சுமி என்று நாம் அறிந்தவர்.

போர்ப் பயிற்சிக்குப் பெண்களா என்று ஜப்பானியர் முகம் சுளித்தார்கள். போஸ் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்கு முன் ஜூலையிலேயே லட்சுமியும் சிங்கப்பூர் இந்திய சுதந்திரச் சங்கத் தலைவர் எல்லப்பாவும் சேர்ந்து இருபது பெண்களைத் திரட்டி, சில நாட்களில் துப்பாக்கி ஏந்தப் பழக்கி, போசுக்கு அணிவகுப்பு மரியாதை கொடுத்துக் காட்டியிருந்தார்கள். முகாமில் காக்கிக் கால்சட்டை, சட்டை, தொப்பி. பலர் கூந்தலைக் கத்தரித்துக்கொண்டார்கள். உடற்பயிற்சி, அணிவகுப்பு, துப்பாக்கி, துப்பாக்கி முனைக் கத்தி, வரைபடம் பார்த்தல், மூட்டையோடு நெடுநடை எல்லாம் ஆண்களுக்கு உள்ளது போலத்தான். தாதியர் பிரிவு தனி. பொதுமொழி இந்துஸ்தானி, அதையும் ரோமன் எழுத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். தமிழில்கூட எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத்துப் பெண் இந்துஸ்தானி கட்டளைக்கு இடம் வலம் திரும்பக் கற்றதை நினைத்தால் எனக்கு, ஒரு ஆசிரியையாக, பாடம் நடத்தியவர்கள் மேல்தான் முதலில் மரியாதை வருகிறது.

சாதிக்கொரு சமையல், மதத்துக்கொரு பந்தி என்று ஆங்கிலேயர் படையில் இருந்த ஏற்பாட்டை இங்கே எடுத்துவிட்டார்கள். இந்த விஷயத்தில் போஸ் எவ்வளவு கறார் என்பதற்கு, அவரோடு நீர்மூழ்கிக் கப்பலில் வந்த ஆபித் ஹசன் சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. தசரா சமயம். தேங்க் ரோடு செட்டியார் கோயில்காரர்கள் போசை அழைத்தார்கள். நிதியும் தருவதாகச் சொன்னார்கள். எல்லாச் சாதியாரையும் எல்லா மதத்தாரையும் உள்ளே விடுவீர்களா என்று கேட்டார். ஒப்புக்கொண்ட பிறகே, முஸ்லிம் அதிகாரிகளையும் உடன் அழைத்துக்கொண்டு போனார். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றது 1939 ஜூலை 8. மதராஸ் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947இல். இவை இரண்டுக்கும் நடுவே நடந்தது தேங்க் ரோடு சம்பவம். அந்தக் கோயில் தண்டாயுதபாணி கோயில். முருகன் சந்நிதியில் நடந்த இந்தச் செய்தி செந்திலாண்டவன் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? தசரா என்றால் குலசைக்கு வேடம் கட்டிப் போகிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லியிருக்கிறோமா?

ஜான்சி ராணிப் படையில் எத்தனை பெண்கள் இருந்தார்கள்? ஆயிரத்துக்கும் மேல் என்பது மேடைக் கணக்கு. எஞ்சியிருந்த பெண்களைத் தேடிப் பேட்டி கண்டு நூல் எழுதிய வேரா ஹில்டெப்ராண்ட் ஐந்நூறுக்குள்தான் என்கிறார். அவர் கணக்கு கொஞ்சம் கஞ்சத்தனமோ என்று எனக்கும் தோன்றியதுண்டு. இருந்தாலும் ஆளைத் தேடிப் போய்க் கணக்கெடுத்தவர் அவர், நாம் எடுக்கவில்லை. போர்முனையில் இவர்கள் எதிரியோடு சண்டை போட வாய்க்கவும் இல்லை. பர்மாவின் மேமியோ வரை போனார்கள். இம்பால் படையெடுப்பு தோற்று ஆட்கள் திரும்பியபோது காயம்பட்டவர்களைப் பார்த்தார்கள். 1945 ஏப்ரல் கடைசியில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கும்போது போசும் அவர்களோடு வாரக்கணக்கில் நடந்தார். இரவில் நடை, பகலில் விமானக் குண்டுக்கு ஒளிதல்.

அந்தப் பின்வாங்கலில் ஒரு குழு சென்ற ரயிலைக் கெரில்லாக்கள் தாக்கினார்கள். இரண்டு பெண்கள் இறந்தார்கள். ஸ்டெல்லா, ஜோசபின். பெரும்பாலான நூல்கள் இந்த முதற்பெயரோடு நின்றுவிடுகின்றன. எங்கள் கடற்கரையில் ஆலந்தலையிலும் அமலிநகரிலும் மணப்பாட்டிலும் தெருவுக்கு ஒரு ஸ்டெல்லா, ஒரு ஜோசபின் இருப்பார்கள். என் வகுப்பிலேயே ஒரே வருடத்தில் இரண்டு ஜோசபின்கள் இருந்து, இனிஷியல் சொல்லித்தான் வருகை எடுப்பேன். இறந்த இருவரும் இந்தக் கரைக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு இனிஷியல்கூட மிஞ்சவில்லை என்றுதான் சொல்கிறேன்.

இதில் ஒரு ஒழுங்கு தெரிகிறது. பெயர் நிலைத்தவர்கள் எல்லாம் அதிகாரிகள், ஆங்கிலம் படித்தவர்கள். கேப்டன் லட்சுமி 2012 வரை வாழ்ந்தார், பேசினார், எழுதினார். கோலாலம்பூர் ஜானகி தேவர், பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன், 2000இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர்களுக்கு அது தகும். ஆனால் அவர்கள் கட்டளையிட்டபோது வரிசையில் நின்றவர்கள்? எங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர் இருந்தார். என் மாமியாரின் அக்கா. ஊருக்கே மலேயா ஆச்சி. கல்யாணமாகிப் போய்ப் பேராக் பக்கம் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். முகாமில் சேர்ந்து, சண்டை முடிந்ததும் தோட்டத்துக்கே திரும்பி, ஐம்பதுகளில் ரஜுலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கினார். பரமன்குறிச்சிப் பக்கம் கருப்பட்டி வாங்கி விற்றுக் காலம் தள்ளினார். சும்மா இருக்கும்போது படையின் 'கதம் கதம்' நடைப்பாட்டை முணுமுணுப்பார். அர்த்தம் கேட்டால், "ஏளா, நடன்னு சொல்லுதான், நடந்தோம்" என்பார்.

1972இல் மத்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தது. 1980இல் அதை விரிவாக்கி 'சுதந்திர சைனிக் சம்மான்' என்று பெயர் மாற்றினார்கள். இந்திய தேசிய ராணுவத்தாரும் தகுதியானவர்கள்தான். ஆனால் முதன்மைச் சான்று சிறைவாசம். ஆறு மாதம், பெண்களுக்கு மூன்று மாதம். சிறைச் சான்றிதழ் இல்லையென்றால் உடன் சிறையிருந்தவரின் சான்று வேண்டும். ஆச்சியை ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனோம். அங்கே இருந்தவர் சட்டப்படி கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். ஆச்சி அவரைப் பார்த்து, "செயிலுக்குப் போனாத்தான் பட்டாளமாய்யா? எங்கள யாரும் புடிக்கல்ல. தோட்டத்துக்குத்தான் திரும்பிப் போனோம்" என்றார். மனு அத்தோடு நின்றது. படையில் இருந்தோம் என்று சாட்சி சொல்ல அவரோடு முகாமில் இருந்தவர்கள் எங்கே? கடலுக்கு அந்தப் பக்கம், ஏதோ ஒரு லயத்தில்.

அந்தத் திட்டத்தைப் போட்டவர்கள் காங்கிரஸ் சத்தியாகிரகியை மனத்தில் வைத்துப் போட்டார்கள் என்று நினைக்கிறேன். அவர் கைதாவார், சிறை ஏட்டில் பெயர் ஏறும். தோட்டத்திலிருந்து வந்து தோட்டத்துக்கே திரும்பிய சிப்பாயின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறாது. பணம் கிடைக்காதது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, அந்த மனுவோடு அவர் கதையும் எங்கும் பதிவாகாமல் போனது. அப்போது நானும் அவரை உட்காரவைத்துக் கேட்டு எழுதியிருக்கலாம் என்று சொல்லிப் புலம்ப இங்கே இடமில்லை. செய்ய வேண்டியதைப் பேசுவோம்.

சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று மையம் ஜப்பானியர் கால நினைவுகளைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. தமிழிலும் பேட்டிகள் உண்டு. எஸ்பிளனேடில் போஸ் அடிக்கல் நாட்டிய ராணுவ நினைவுச் சின்னத்தை, திரும்பி வந்த ஆங்கிலேயர்கள் 1945இலேயே வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1995இல் அதே இடத்தில் சிங்கப்பூர் அரசு ஒரு குறிப்புக்கல் வைத்தது. இது சாதாரண விஷயமல்ல. ஏனென்றால் ஜப்பானியரோடு கைகோத்த படை இது. அதே ஜப்பானியர் 1942இல் சிங்கப்பூர்ச் சீனர்களைப் பிரித்தெடுத்து ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். கொல்லப்பட்டவர்களுக்கான நினைவுத்தூண் 1967 முதல் கொஞ்ச தூரத்தில் பீச் ரோட்டில் நிற்கிறது. இரண்டையும் ஒரே நகரம் தாங்கிக்கொண்டிருக்கிறது. நம் ஊரில் ஜப்பானியர் என்ற பேச்சையே எடுக்காமல் நேதாஜி கதை சொல்கிறோம். சயாம் ரயிலில் தமிழனைச் சாகடித்ததும் அவர்கள்தான், முகாமுக்கு ஆயுதம் தந்ததும் அவர்கள்தான். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியும். பெரியவர்கள்தான் புரியாது என்று நினைக்கிறோம்.

என் கோரிக்கைக்குப் பெரிய செலவில்லை. புதுச் சிலை வேண்டாம். தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசி மாவட்ட நிர்வாகங்கள் ஒவ்வொரு கிளை நூலகத்திலும் ஒரு பதிவேடு திறக்கட்டும். மலாயா, சிங்கப்பூர், பர்மா போய் வந்த குடும்பங்கள் இந்த மூன்று மாவட்டத்திலும் ஊருக்கு ஊர் இருக்கின்றன. கடையநல்லூர்க்காரர்களும் தென்காசிக்காரர்களும் சிங்கப்பூரில் சொந்தச் சங்கமே வைத்திருக்கிறார்கள். பழைய பாஸ்போர்ட், கப்பல் சீட்டு, சீருடையில் எடுத்த படம், சுதந்திரச் சங்கத்துக்குப் பணமோ நகையோ கொடுத்த ரசீது, எது இருந்தாலும் நகலெடுத்து எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பட்டும். பள்ளிகளில் என்.சி.சி. பிள்ளைகளுக்கு இதை ஒரு வேலையாகக் கொடுக்கலாம். ஜனவரி 23 அன்று மாலை போடுவதற்குப் பதில் ஆளுக்கு ஒரு வீடு ஏறி விசாரித்து வரட்டும்.

படையில் இருந்தவர்கள் ஏறக்குறைய எல்லாரும் போய்விட்டார்கள். அவர்களைப் பார்த்துப் பேசிய மகனும் மகளும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் எழுபது, எண்பது ஆகிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு தாத்தாவோ ஆச்சியோ இருந்திருந்தால், முழுப்பெயர், தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், கப்பலேறிய வருடம், இந்த நான்கையும் இந்த வாரமே ஒரு தாளில் எழுதி, தெரிந்த பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் கொடுங்கள்.